ஆறு டிகிரி வித்தியாசம்

கீழே இருக்கும் சென்சார், மேலே இருப்பதைவிட அதிகச் சூடு காட்டக் கூடாது. ரமணி திரையை மறுபடியும் பார்த்தாள். 58. கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். 52.

காலையிலிருந்து ஏழு மதர்போர்டுகளை முடித்திருந்தாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. மேசைமேல் அட்டை விரித்து, போர்டைப் படுக்கப்போட்டு, புரோசசர்மேல் உட்காரும் அலுமினியத் தகட்டோடு மீட்டரின் புரோப்பை ஒட்ட வேண்டும். நூல்போல மெல்லிய கம்பி, நுனியில் கடுகளவு உலோக மணி, அவ்வளவுதான் புரோப். அது சொல்வதுதான் உண்மையான சூடு. போர்டுக்கும் சொந்தமாக ஒரு சென்சார் உண்டு. அது புரோசசருக்கு அடியில், மேசையைப் பார்த்தபடி இருக்கும். சூடு மேலிருந்து இறங்கிவர வேண்டும் என்பதால் அது எப்போதும் ஒன்றிரண்டு டிகிரி குறைத்துத்தான் சொல்லும். அந்த வித்தியாசத்தைக் கணினியில் திருத்தமாகப் போட்டுவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். ஏழு போர்டுகளும் அப்படித்தான் ஒத்துப்போயின. எட்டாவது மட்டும் ஆறு டிகிரி கூட்டிச் சொன்னது.

பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் அந்த செப்டம்பர் மாதம் முழுவதும் பிரிக்பீல்ட்ஸில் மூன்று மணிக்கும் ஏழு மணிக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. எங்கோ காடு எரிந்த புகை கடல் தாண்டி வந்து, கடைவீட்டு மாடிச் சன்னலுக்கு வெளியே பழைய வெள்ளைத்துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்வரிசைக் கடைகள் தெரியவில்லை, தண்டவாளத்தில் ரயில் போகும் சத்தம் மட்டும் ரயில் இல்லாமல் வந்து போயிற்று. சன்னல்களை அடைத்து இடுக்குகளில் ஈரத்துணி திணித்திருந்தாள். காற்றடித்தால் அளவு தப்பாகிவிடும் என்பதால் மின்விசிறியையும் நிறுத்தியிருந்தாள். அறைக்குள் காற்று அசையவேயில்லை. ஈயம் உருகிய வாடை, புகை வாடை, மகளின் நெஞ்சில் தடவிய தைலத்தின் வாடை, மூன்றும் வைத்த இடத்திலேயே நின்றன.

பாலர் பள்ளியை அடைத்துவிட்டார்கள். கணவன் விஜயன் கிள்ளான் துறைமுகத்தில் லோரியோடு காத்துக்கிடந்தான். அதனால் நாலு வயது சந்திரகலாவையும் வேலைக்குக் கூட்டிவர வேண்டியதாயிற்று. பெட்டி அடுக்குகளுக்கு நடுவே, மேசையிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, பாயில் படுத்திருந்தாள். மருந்து கொடுத்தும் இளைப்பு அடங்கவில்லை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு சின்ன விசில். அந்த விசில் கேட்டுக்கொண்டிருக்கும்வரை ரமணியால் வேலை பார்க்க முடிந்தது.

தூங்குவதற்கு முன்னால் குழந்தை புரோப்பைக் காட்டிக் கேட்டிருந்தாள்.

"அதுக்கும் காய்ச்சலாம்மா?"

"அதுக்குத்தான்டா கண்ணு. உனக்கு இல்ல. தூங்கு."

இப்போது ரமணிக்கு எரிச்சலாக வந்தது. புரோப்தான் கெட்டுவிட்டதோ? கீழ்க்கடையில் பொட்டலம் கட்டி வாங்கிவந்த ஐஸில் அதன் நுனியை முக்கினாள். சரியாக 0. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் விட்டாள். 99. புரோப் சுத்தம். திரும்ப ஒட்டினாள். 52. திரையில் 58.

கீழே ஏதோ அந்த போர்டைச் சூடாக்குகிறது. எண்களைப் பார்த்தால் அப்படித்தான் படுகிறது. ஆனால் அதற்குக் கீழே அட்டை. அட்டைக்குக் கீழே மேசைப்பலகை. பலகைக்குக் கீழே அவளுடைய கால்கள்.

முதலாளி கண்ணப்பன் செராஸுக்கு விசிறி வாங்கப் போயிருந்தார். கைத்தொலைபேசிக்கு அழைத்தாள். இப்படி இப்படி, இந்த போர்டைத் தனியாக எடுத்துவைக்கலாமா என்று கேட்டாள். நாளைக் காலை லோரி வரும், இருபது போர்டும் போயாக வேண்டும் என்று அவர் பொரிந்தார். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிவந்து தாலாட்டிக்கொண்டிருந்தால் வேலை எப்படி நடக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"பாஸ், வித்தியாசம் தலைகீழா இருக்கு. அப்படி வரவே வராது."

"நீ என்ன டாக்டருக்கா படிக்கிற? ஆறு கூடக் காட்டினா ஆறு கழிச்சிப் போடு லா. முடிஞ்சிச்சி."

போனை வைத்துவிட்டார். நேரே இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார், இன்னும் நாலு பேர் கேட்கச் சொல்லியிருப்பார். ரமணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கால்களை மேசைக்கடியில் நீட்டினாள். முழங்கால்களில் இதமான வெதுவெதுப்பு பட்டது. திருத்தத்துக்கான கட்டத்தில் −6 என்று தட்டினாள்.

திரையில் 52. மீட்டரில் 52.

ஒத்துப்போயிற்று. பெருமூச்சு விட்டாள். ஒன்பதாவது போர்டை உறையிலிருந்து எடுத்தபடி, எட்டாவது இன்னும் பத்து நிமிடம் ஓடட்டும் என்று விட்டாள். ரயில் சத்தம் ஒன்று வந்து போயிற்று. மேசைப்பக்கம் ஏதோ ஒரு வாடை, நாள்கணக்காய்க் கழுவாத தலைமுடி வெயிலில் காய்ந்தால் வருமே, அதுபோல. தன் தலைதான் என்று நினைத்தாள். வியர்த்திருந்தது. தூரத்தில் குழந்தையின் விசில், சீராக. இழுத்து, விட்டு, இழுத்து.

நிமிர்ந்தபோது திரையில் 46.

மீட்டரில் 52.

ஒன்றிரண்டு டிகிரி இறங்கியிருந்தால் பயந்திருக்க மாட்டாள். சற்றுமுன் 52 ஆக இருந்தது 46 ஆகியிருந்தது. அந்த ஆறு டிகிரி போய்விட்டது. சென்சார் பொய் சொல்லவில்லை. ஆறு டிகிரி உண்மையாகவே அங்கே இருந்திருக்கிறது. அடியில். அவள் அதைப் பிழை என்று எண்ணிக் கழித்துவிட்டாள். இப்போது அது அங்கே இல்லை.

அவளுடைய முழங்கால்கள் சில்லென்றிருந்தன.

கதவைப் பார்த்தாள். இரும்புக் கம்பிக் கதவு, உள்ளிருந்து அவளே பூட்டியது. பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. யாரும் வர வழியில்லை.

தகட்டிலிருந்து புரோப்பைப் பிரித்தெடுத்தாள். குனிந்து பார்க்கத் துணிவில்லை. கையை மட்டும் மேசைக்கடியில் விட்டு, பலகையின் அடிப்பக்கத்தில் நுனியை வைத்தாள். 36.4. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 36.1. பிறகு 35.7. ஆறிக்கொண்டிருந்தது, யாரோ வெகுநேரம் சாய்ந்திருந்துவிட்டு எழுந்துபோன நாற்காலி ஆறுவதுபோல.

அப்படியென்றால் காலையிலிருந்தா? இல்லை, ஏழு போர்டுகள் சரியாக இருந்தனவே. எட்டாவதின்போது வந்திருக்கிறது. வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து, முதுகைப் பலகையில் முட்டுக்கொடுத்து, அவள் ஐஸில் முக்குவதையும் வெந்நீரில் விடுவதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் காலை நீட்டியபோது கொஞ்சம் ஒதுங்கியும் கொடுத்திருக்கலாம்.

எங்கே போயிற்று?

எழுந்தாள். மீட்டரை இடது கையில் பிடித்து, புரோப்பை வலது கையால் காற்றில் நீட்டினாள். குருடர்கள் கோலை நீட்டுவதுபோல.

கதவுப்பக்கம். 31. அறையின் சூடு அவ்வளவுதான்.

சன்னல்பக்கம். 31.

பெட்டி அடுக்கு. 31.

பாயின் பக்கம் திரும்பினாள். ஓர் எட்டு. 31. இன்னொரு எட்டு.

33.

குழந்தையைப் பார்த்தாள். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பாயில் வேறு யாருமில்லை. வெறும் காற்று. மங்கிய மஞ்சள் வெளிச்சம்.

35.

37.

முப்பத்தொன்றும் ஆறும்.

கையை உயர்த்தினாள். 31. தாழ்த்தினாள். 37. இடுப்பு உயரம்கூட இல்லை. அது நிற்கவில்லை. தவழ்கிறது.

இடப்பக்கம் நகர்த்தினாள். 37. வலப்பக்கம். 37, 37, பிறகு 31. நீளமாக இருந்தது. ஆள் நீளம். அந்த முடி வாடை இப்போது இங்கே.

பிறகு நுனியை அசைக்காமலே எண் இறங்கியது. 35. 32. 31.

முன்னால் போய்விட்டது.

"கலா." கிசுகிசுத்தாள். "கலா, எழுந்திரு. அம்மாகிட்ட வா."

அப்போதுதான் கவனித்தாள். விசில் கேட்கவில்லை.

குழந்தை மல்லாந்து திரும்பினாள். கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே சிரித்தாள். இரண்டு கைகளும் பாயிலிருந்து எழுந்தன. காற்றில் எதையோ வளைத்தன. விரல்கள் கோத்துக்கொண்டன.

ஒரு கழுத்துக்குப் பின்னால்.

முதுகு பாயைவிட்டு எழும்பியது. ஒரு சாண். ஒரு முழம். தலை தொங்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்தப் பக்கத்துக் கன்னம் தட்டையாக அழுந்தி, உதடு கொஞ்சம் கோணியிருந்தது, தோளில் தூங்கும் குழந்தைக்கு அழுந்துமே அப்படி.

மீட்டர் கீழே விழுந்தது. ரமணி பாய்ந்து மகளின் பாதத்தைப் பிடித்தாள். இரண்டு கைகளாலும் பிடித்தாள். இழுத்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது. அவசரமில்லாமல்.

சந்திரகலா முகத்தைச் சுளித்தாள். கண்ணை மூடியபடியே அந்தக் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். வாயை அதன் காதோரம் கொண்டுபோய், தூக்கக் கலக்கத்தில் முனகினாள்.

"அம்மா... யாரோ என் காலப் புடிக்கிறாங்க."

குழந்தையின் முதுகில், கவுன் துணியில், ஐந்து விரல்கள் அகலமாகப் பதிந்து, மெல்லத் தட்டிக்கொடுக்கத் தொடங்கின.