இருநூற்றுப் பதினான்காம் எண்

மாரிக்கனி கண்களை மூடும் பயிற்சி ஹெட்செட்டைத் தலையில் மாட்டியதும், மெய்போல் விரிந்த நூற்பு எந்திரத்தின் முன்னால் அவளுடைய இரு கைகளும் தோன்றின. இடக்கையின் மோதிரவிரலுக்கு நுனி இல்லை. திடுக்கிட்டுத் தன் விரல்களை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தாள். ஐந்தும் முழுதாக இருந்தன.

நுனி போன விரல் அவளுடைய அக்காள் முத்துப்பேச்சியுடையது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவிலிருந்த அந்த மில்லில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்து, ஐப்பசியில் காய்ச்சலால் இறந்தவள். இறந்தவரின் வேலையை வீட்டிலொருவருக்குக் கொடுக்கும்போது அவருடைய பணி எண்ணையும் சேர்த்துக் கொடுப்பது அங்கே வழக்கம். குடும்பத்துக்குச் செய்கிற மரியாதை என்பார்கள். இன்றைக்குள் பயிற்சியில் தேறாவிட்டால் 214 வேறொருவருக்குப் போய்விடும். அம்மாவின் டயாலிசிஸும் நின்றுவிடும்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பயிற்சியின் கணக்கைக் காட்டும் திரையைப் பார்த்து அமர்ந்திருந்த பயிற்சியாளர் ஹெப்சிபா, விவரம் கேட்டுச் சிரித்தார். கைநீளம், கண்களின் இடைவெளி, விரல்களின் வடிவம் என்று சென்சார்கள் அளந்தவற்றையெல்லாம், குயில் முட்டையைக் காக்கும் காகத்தைப் போல, கருவி அந்த எண்ணிலேயே காத்து வைத்திருக்கிறது என்றார். பழைய அளவை அழித்துவிட்டு, இவளைப் புதிதாக அளந்தார்.

இப்போது விரல்கள் சரியாக இருந்தன. ஆனால் பகல் பதினொரு மணி வெயிலில் வெளியே மில்லின் இரைச்சல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்க, மூடிய அறையின் குளிரில், நெற்றியை அழுத்திய பஞ்சுப்பட்டையிலிருந்து மரிக்கொழுந்து வாசம் அப்போதுதான் தலையில் வைத்ததுபோல் பச்சையாக எழுந்து, அவளுடைய மூச்சோடு மூச்சாக உள்ளே இறங்கியது. அக்காள் வெள்ளிதோறும் வைத்துக்கொள்வது அது.

அறுந்த இழைகளை எடுத்து ஒட்டுவதுதான் தேர்வு. முதல் இழையை எடுக்க நினைத்தாள். அவள் அசையுமுன்பே படத்தில் கைகள் நீண்டன.

பிறகு அவற்றின் பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள்.

படம் நின்றது. தரையில் வரைந்த எல்லைக்குள் வேறு ஆள் நுழைந்தால், மூலைக்கொன்றாக நின்ற சென்சார்கள் அப்படி நிறுத்திவிடும். நுழைந்தவரை வெள்ளை உருவமாகக் காட்டும். காட்டின. அவள் தோளை ஒட்டி. அவளைவிட நான்கு விரற்கடை உயரமாக.

“மேடம், நீங்க உள்ள வந்தியளா?”

“நான் எங்கட்டி வந்தேன்? இங்கனதான இருக்கேன். நேரம் போகுது, வேலையப் பாரு.”

கழற்றினாள். அறையில் யாருமில்லை. ஹெட்செட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவர்வரை பின்வாங்கினாள். மறுபடி மாட்ட வேண்டும். அம்மாவுக்காகவாவது மாட்ட வேண்டும். இரு கைகளையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஒலிபெருக்கியில் ஹெப்சிபாவின் குரல் வந்தது.

“ஆங், இப்பந்தான் கை ஓடுது. நிப்பாட்டிராத.”

அவர் திரையைவிட்டுத் திரும்பவில்லை.

“பதினாறு இழையும் ஒட்டிட்ட. ஒண்ணுகூட அறலை. தேறிட்டட்டி. நாளைக்குக் காலைல ஷிப்டுக்கு வந்துரு.”

ஹெட்செட்டின் உள்ளே ஒரு சிறு விளக்கு உண்டு. முகம் பொருந்தினால் மட்டும் எரியும்.

எரிந்தது.

தளர்ந்து கிடந்த வார், ஒவ்வொரு பல்லாக இறுகியது. மேசையிலிருந்து அது எழுந்தது. ஓர் ஆள் உயரத்தில் நின்றது. பிறகு அவள் நின்ற சுவர்ப் பக்கமாக, மெல்லத் திரும்பியது.