திங்கட்கிழமை நல்லவனாகும் கெய்சர்

வியாழக்கிழமை, மாலை ஏழு மணி. பூஜெமா வீட்டுக் குளியலறையில் உடல் கண்டெடுக்கப்பட்டது. உச்சி முதல் பாதம் வரை சோப்பு நுரை, நீலம் பாரித்த உதடு, சிலிர்த்து நின்ற ரோமம். உயிர் மட்டும் தாராளமாக இருந்தது. அது போட்ட கூச்சலில் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரத்துப் பாலங்கள் அத்தனையும் ஒரு சாண் ஆடி நின்றன என்பது அண்டைவீட்டார் கணக்கு.

உடலுக்குச் சொந்தக்காரர் பூஜெமாவேதான். கொலைகாரன், அவர் தீர்ப்புப்படி, அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த புது கேஸ் கெய்சர். பாதிக் குளியலில் பொட்டென்று அணைந்துவிட்டது. மூன்று வாரமாக இதே கதை. வியாழன் வந்தால் மக்கர் தொடங்கும், ஞாயிறு வரை இழுக்கும். பிறகு பரம சாதுவாக எரியும்.

பழைய கெய்சர் துருப்பிடித்து ஒழுகி, இலையுதிர் காலத்தில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பதிலாக இதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் கடைக்காரன் ஷகீப். பூஜெமாவின் மகள் நெஸ்ரினைக் கட்டிக்கொள்ளப் போகிறவனும் அவனே. சனிக்கிழமை அவன் அம்மா இனிப்புத் தட்டோடு நிச்சயத்துக்கு வருவதாக ஏற்பாடு. துண்டைக் கட்டிக்கொண்டே பூஜெமா இரண்டு முடிவு அறிவித்தார். ஒன்று, சனிக்கிழமை காலை வேறு கடையில் அலமாரி அளவுக்கு ஒரு கெய்சர் வாங்குவது. இரண்டு, நிச்சயம் ரத்து.

"ஒரு கெய்சரை ஒழுங்கா பொறுக்கத் தெரியாதவன், என் பொண்ணோட வாழ்க்கையை எப்படிப் பார்த்துக்குவான்?"

நெஸ்ரின் அழவில்லை. அத்தைக்குப் போன் போட்டாள்.

அத்தை ஸஹியா, பூஜெமாவின் தங்கை, போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் முறைத்தால் திருடர்கள் திருடாததையும் சேர்த்து ஒப்புக்கொள்வார்கள். வெள்ளி காலை பத்து மணிக்கெல்லாம் வந்து இறங்கினாள். சாயங்காலம்வரை தவணை கொடுத்தார் அண்ணன்.

முதல் விசாரணை ஷகீப். அடுக்களையில், நின்றபடியே.

"ஏன் சின்னதாக் குடுத்த?"

"மூணு பேர், ஒரு குளியலறை. மாமா பெரிசு வேணும்னார். ஒத்தைக் கோழியை ஏத்த லாரி எதுக்கு மாமான்னேன். அன்னையிலேர்ந்து என்மேல கோவம்."

"ஆள் அனுப்பிப் பார்த்தியா?"

"மூணு திங்கக்கிழமை அனுப்பினேன் அத்தை. அன்னிக்குத்தான் உங்க தெரு முறை. குழாய்க்குள்ள பிரஷ் விட்டுப் பார்த்தான். சுத்தமா இருந்துச்சு. கெய்சரும் ஜோரா எரிஞ்சுது."

"தானா அணையுமா?"

"புகை வெளிய போகாம திரும்பி வந்தா அணையும். அதுக்கு ஒரு சென்சார் இருக்கு. கடையிலேயே அது இருக்கறதாப் பார்த்துத்தான் எடுத்தேன்."

ஸஹியா கெய்சரை ஏற இறங்கப் பார்த்தாள். அதன் தலையிலிருந்து புதுப் புகைக்குழாய் புறப்பட்டு, சுவரைத் துளைத்துப் பின்பக்கம் போயிருந்தது. உள்பக்கச் சுவரில் ஒரு ஈரத் திட்டு வேர்த்திருந்தது. அண்ணி ஃபத்தூமாவைக் கேட்டாள். அந்தக் கெய்சரை யாரும் தொடுவதில்லை என்றாள் அண்ணி. பென்ஷன் வாங்கியதிலிருந்து வீட்டு வேலையில் பாதியை இவர் பிடுங்கிக்கொண்டார், மீதிப் பாதிக்குக் குறை சொல்கிறார், தான் எதையும் தொட வழியில்லை என்று நீளமாகவே சொன்னாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சூப் கிண்ணம் வந்தது. பூஜெமா காய்ந்த ரொட்டியை ஒடித்தார். பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். ஒரு துண்டு தரையில் விழுந்தது. எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, பத்திரமாக ஓரம் வைத்தார். ரொட்டியைக் குப்பையில் போடுகிற கை அந்த ஊரில் எந்த வீட்டிலும் கிடையாது. மிஞ்சியதெல்லாம் பையில் சேரும். காய்ந்த ரொட்டி வண்டிக்காரன் ஆடுகளுக்கென்று பையோடு வாங்கிப் போவான்.

"இந்தக் குளிருக்கு ஊரெல்லாம் ரொட்டி பச்சையாப் பூசணம் பூத்துக் கிடக்கு. என் பையில பாரு, பிஸ்கட்டு. எல்லாம் கைராசி," என்றார் பெருமையாக. "வண்டிக்காரனே அசந்து போறான்."

ஸஹியாவின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"வண்டி என்னிக்கு வருது அண்ணே?"

"திங்கக்கிழமை விடியக்காலைல."

அவள் எழுந்து பின்பக்க பால்கனிக்குப் போனாள். திரும்பி வந்து சூப்பை நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு எல்லோரையும் அடுக்களைக்கு அழைத்து வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். நீலச் சுடர் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் பொட்டென்று போயிற்று.

"பாத்தியா, பாத்தியா," என்றார் பூஜெமா, பரம திருப்தியோடு.

ஸஹியா ஜன்னல்களைத் திறந்துவிட்டு பால்கனிக்குப் போய் வந்தாள். கெய்சர் ஆறும்வரை காத்திருந்து மறுபடி திறந்தாள். சுடர் எழுந்தது. எரிந்தது. பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும்வரை எரிந்தது.

"குற்றவாளி இங்கதான் நிக்கறான்," என்றாள்.

எல்லோரும் ஷகீபைப் பார்த்தார்கள். ஷகீபே தன்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டான்.

ஸஹியா பால்கனிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெருநாள் கிடா மாதிரி கொழுத்திருந்தது. உள்ளே ரொட்டி மொறுமொறுவென்று முனகியது.

"நீங்கதான் அண்ணே. அண்ணி இதை வாசல் கேட்டுல மாட்டுவாங்க. மூணு வாரம் முன்னாடி நீங்க அந்த வேலையைப் பிடுங்கினீங்க. வெளிய நீட்டிக்கிட்டு இருந்த புகைக்குழாய் முனை, பை மாட்ட தோதா இருந்துச்சு. கதகதன்னும் இருந்துச்சு. ரொட்டி காஞ்சது உங்க கைராசி இல்ல, கெய்சர் சூடு. வியாழக்கிழமை பை ரொம்பி வாயை மூடும். திங்கக்கிழமை வண்டிக்காரன் பையோட எடுத்துட்டுப் போவான். அதுக்கப்புறம் இவனோட ஆள் வந்து, சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டுப் போவான். குழாய்க்குள்ள பார்த்தாங்க, முனையில என்ன தொங்குதுன்னு ஒருத்தரும் பாக்கல."

பூஜெமா பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"நீங்க கேட்ட அலமாரி இன்னும் அதிகமாப் புகைஞ்சிருக்கும். சென்சார் இல்லாததா இருந்திருந்தா எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கும்." ஸஹியாவின் குரல் தணிந்தது. "இது மூணு வாரமாச் சாகல அண்ணே. மூணு வாரமா உங்களைச் சாகவிடல."

பூஜெமா கெய்சரைப் பார்த்தார். ஷகீபைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளைக்கு உங்க அம்மா எத்தனை மணிக்கு வர்றாங்க என்று கேட்டார்.

சனிக்கிழமை ஷகீபின் அம்மா இனிப்புத் தட்டோடு வந்தாள். பின்னாலேயே ஷகீப், கையில் சுத்தியலும் பட்டுத்துணியில் சுற்றிய ஒரு இரும்புக் கொக்கியும். பெரியவர்களுக்கு சலாம் சொல்லிவிட்டு நேரே வாசலுக்குப் போய், புகைக்குழாயிலிருந்து எட்டாத தூரத்தில் அதை அடித்து மாட்டினான். பையைத் தன் கையால் தொங்கவிட வேண்டியவர் மாமனார்தான். ஆனால் அவரைக் காணோம்.

தேடவும் வேண்டியிருக்கவில்லை. குளியலறையிலிருந்து ஆவி கிளம்பி மாடிப்படிவரை மூடியிருந்தது. உள்ளே பூஜெமா தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டினாள் ஃபத்தூமா. சம்பந்தி காத்திருக்கிறாள், வெளியே வாருங்கள் என்றாள்.

"இருக்கட்டும்," என்றது ஆவிக்குள்ளிருந்து குரல். "மாப்பிள்ளை குடுத்த கெய்சர். அவ்வளவு சீக்கிரம் வெளிய வந்தா அவருக்கு மரியாதையா இருக்காது."