பேரைச் சொல்லு, பிறந்த தேதியைச் சொல்லு

பிரேதப் பரிசோதனைக் கூடம் மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், தரைக்குக் கீழே இருந்தது. ஜனவரி முதல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வெண்டல் ஹார்க்னஸ் படியிறங்கினான். வெளியே, அமெரிக்காவின் வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரம் பனியில் புதைந்து கிடந்தது. ஏரிக்காற்று காது மடலை அறுத்தது. கீழே காற்றே இல்லை. சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நெடி, அதற்கடியில் ஈர இரும்பின் வாடை, எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம்.

மருத்துவக் கல்லூரியில் அவனுக்குக் கடைசி வருஷம். நோயியல் மருத்துவனாக வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்களிடம் அறிவியல் ஆர்வம் என்பான். உண்மை வேறு. நுண்ணோக்கிக்கடியில் கிடக்கும் சதைத் துணுக்கு அழாது, கேள்வி கேட்காது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து எதிரே உட்காராது. மனிதர்களைக் கண்டால் ஒதுங்கும் டாக்டருக்கு அதைவிடச் சொர்க்கம் எது?

கடைசி வருஷத்தில் மாதம் ஒரு பிரிவாக மாணவர்களே தேர்ந்தெடுத்துப் போகலாம். போன கோடையில் அவன் எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்து, நோயியல் துறைத் தலைவர் டாக்டர் லோயிஸ் பிரைடன்பாக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"என்னப்பா இது, வருஷம் பூரா நுண்ணோக்கி முன்னாடியே உக்காரப் போறியா? அதைத்தான் சாகுற வரைக்கும் பண்ணப் போறியே. சதை எங்கேருந்து வருதுன்னு போய்ப் பாரு. ஒரு மாசம் அறுவை சிகிச்சை, ஒரு மாசம் புற்றுநோய் வார்டு. ஜனவரியில எங்கிட்ட வா, பிரேதம் அறுக்கலாம். நோயாளியைத் தொட்டுப் பாக்க உனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு."

நல்ல யோசனைதான். மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் தரவேண்டியவர் சொன்னால் தட்டவா முடியும்? தலையாட்டினான்.

ஆகஸ்டில் அறுவைப் பிரிவு. வெள்ளிக்கிழமை மதியமானால் அந்த ஊரில் யாருக்கும் கால் தரிக்காது; ஏரிக்கரைக் குடிசைக்குக் கிளம்பிவிடுவார்கள். அறுவை மருத்துவர் படகை வண்டியில் பூட்டிவைத்துவிட்டே வேலைக்கு வந்திருந்தார். அடுத்தடுத்த அறையில் இரண்டு பெண்கள், இருவருக்கும் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. ஒருத்தி ஐரீன் கோவால்சிக், அறுபத்தொரு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். இன்னொருத்தி ஒடெட் மார்ஷாண்ட், நூலகத்தில் வேலை, முப்பத்துநாலு.

நெறியிலிருந்து சோதனைக்குச் சதையை எடுத்துக் குப்பியில் போட்டதும், நோயாளியின் எதிரிலேயே பேரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் கேட்டு லேபிள் ஒட்டவேண்டும். முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. வெண்டல் கேட்கவில்லை. ஒரே வேலையாகப் போகட்டும் என்று ஒரு குப்பியை இடது பையிலும் இன்னொன்றை வலது பையிலும் போட்டுக்கொண்டான். ஐரீன் ஆடையைச் சரிசெய்துகொண்டே, "என் பேரைக் கேக்கலியே, கண்ணு?" என்றாள். "அதெல்லாம் எங்கிட்ட இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்தான். மேசைக்கு வந்து இரண்டையும் எடுத்து வைத்தபோது, எது யாருடையது என்று நினைவில்லை.

ஊகித்து ஒட்டினான்.

ஒடெட்டுக்கு வேகமாகப் பரவும் நிணநீர்ப் புற்று என்று வந்தது. ஐரீனுக்கு ஒன்றுமில்லை, சாதாரண வீக்கம் என்று வந்தது.

அக்டோபரில் புற்றுநோய் வார்டு. அங்கே ஒடெட் மொட்டைத் தலையோடு மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருந்தாள். முழு உடம்பையும் படமெடுத்தும் வேறு எங்கும் நோய் தென்படவில்லை, மருந்து அபாரமாக வேலை செய்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். வெண்டலுக்கு மட்டும் அந்த இரண்டு குப்பிகள் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு அவன் வாயைத் திறந்திருந்தால் ஐரீன் பிழைத்திருக்கலாம், ஒடெட்டுக்கு மருந்தும் நின்றிருக்கும். ஆனால் அது சிபாரிசுக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்த வாரம். ஊகம் சரியாகவும் இருந்திருக்கலாமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கோழைக்குக் காரணமா கிடைக்காது?

இப்போது ஜனவரி. கூடத்து உதவியாளர் கஸ், மேசைமேல் கிடந்த உடலின் துணியை விலக்கினார்.

ஐரீன்.

கழுத்து இரண்டு பக்கமும் புடைத்து, முகமே அகன்றிருந்தது. ஆனாலும் அவளேதான்.

"ஆகஸ்ட்ல இவங்க கழுத்துச் சதை நம்மகிட்ட வந்திருக்கு" என்றார் டாக்டர் பிரைடன்பாக், கோப்பைப் புரட்டியபடி. "சுத்தம்னு கையெழுத்துப் போட்டது நான்தான். அஞ்சு மாசத்துல உடம்பு பூரா பரவியிருக்கு. எனக்கு மனசே சரியில்ல. நீ அப்ப அந்தப் பிரிவுலதானே இருந்த? ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"இல்லியே, டாக்டர்."

குழாய் சொட்டுவது நின்றது.

பத்து மணிக்கு டாக்டர் மேலே ஒரு கூட்டத்துக்குப் போனார். ஈரல், மண்ணீரல், கழுத்து நெறி என்று எடுத்துவைத்த துண்டுகளைக் குப்பிகளில் போட்டு, வெண்டல் லேபிள் எழுதினான். கோவால்சிக், ஐரீன். இந்த முறை ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தே ஒட்டினான்.

கஸ் வந்து தட்டை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"என்ன டாக்டரே, ராத்திரி தூங்கலியா? எல்லாத்துலயும் உன் பேரை எழுதி வச்சிருக்க."

வெண்டல் குனிந்து பார்த்தான். ஹார்க்னஸ், வெண்டல். அவனுடைய பிறந்த தேதி. அவனுடைய கையெழுத்து. ஆறு குப்பிகளிலும்.

"கிழிச்சிட்டுத் திரும்ப எழுது. நான் ஒரு காப்பி குடிச்சிட்டு வரேன்" என்று கஸ் போய்விட்டார்.

கிழித்தான். பேனாவை இறுக்கிப் பிடித்து, எழுத்துக்கு எழுத்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். வாய் ஐரீன் என்றது.

கை வெண்டல் என்று எழுதியது.

ஃபார்மலின் நெடி சட்டென்று மறைந்தது. அந்த இடத்தில் வேறொரு வாடை வந்தது. பேருந்து இருக்கைகளின் பழைய தோல், டீசல், ஈரக் கையுறைகள்.

அவன் மேசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே தெரிந்தது.

துணி விலகும் சத்தம்.

"பேரைச் சொல்லு, கண்ணு."

மிக மெல்லிய குரல். அவன் காதுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"பிறந்த தேதியைச் சொல்லு."

அவன் சொன்னான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

குளிர்ந்த ஒரு விரல், கையுறை இல்லாத விரல், அவன் கழுத்தின் இடது பக்கத்தைத் தொட்டு ஒரு இடத்தில் நின்றது. கத்தி வைக்குமுன் மருத்துவர்கள் தடவிப் பார்த்து இடம் குறிப்பார்களே, அப்படி. பிறகு அழுத்தியது.

கஸ் காப்பியோடு வந்தபோது வெண்டல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். மேசையில் உடல் போட்டது போட்டபடியே கிடந்தது. அவன் கழுத்தில், விரல் நின்ற இடத்தில், பட்டாணி அளவுக்கு நெறி கட்டியிருந்தது.

வியாழக்கிழமைக்குள் அது பாதாம் கொட்டை அளவு ஆனது. வெள்ளிக்கிழமை காலை டாக்டர் பிரைடன்பாக்கின் அறைக்கதவைத் தட்டி, எல்லாவற்றையும் சொன்னான். பைகள், ஊகம், அக்டோபர், பொய். ஒடெட்டுக்காக என்று சொன்னான். தன் கழுத்துக்காகத்தான் வந்தான்.

அவர் ஒடெட்டின் கோப்பை எடுத்துப் பிரித்தார்.

"அந்தப் பொண்ணுக்கு ஆறு சுற்று மருந்துல அஞ்சு ஏத்தியாச்சு, வெண்டல். குழந்தை பெத்துக்க முடியுமான்னே தெரியாது. நீ தினமும் அவ கட்டிலைத் தாண்டித்தானே போன?"

அன்றே மருந்தை நிறுத்தினார்கள். சிபாரிசுக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது, விசாரணை வைத்தார்கள். மன்னிப்புக் கேட்க வரட்டுமா என்று சொல்லியனுப்பினான். அவன் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை என்று ஒடெட் பதில் அனுப்பினாள். அதில் தப்பொன்றுமில்லை. எல்லாம் போனாலும் உயிர் மிஞ்சும் என்று அவன் நம்பினான். சொல்லிவிட்டோமே, இனி ஐரீன் விட்டுவிடுவாள் என்று நினைத்தான்.

அவன் கழுத்துச் சதையைப் பக்கத்து நகரத்தில் எடுத்தார்கள். மருத்துவர் அவன் எதிரிலேயே பேரும் தேதியும் கேட்டார். லேபிளை அவனே படித்து, அவனே ஒட்டினான். குப்பி சோதனைக்கூடத்துக்குப் போகும்வரை கூடவே நடந்து போனான்.

நோய் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது.

வீக்கம் முட்டை அளவு ஆனது. இரண்டாம் முறை எடுத்தார்கள். ஒன்றுமில்லை. மூன்றாம் முறை வேறு மருத்துவமனை, வேறு ஆட்கள், அதே முடிவு. அதற்குள் வலது பக்கமும் கட்டத் தொடங்கியிருந்தது. எந்த நோய் என்று தெரியாமல் மருந்து கொடுக்க யாரும் துணியவில்லை. டாக்டர் பிரைடன்பாக் அவன்மேல் கோபம் தீராதவர்தான். ஆனாலும் சதை வைத்த மூன்று கண்ணாடி ஸ்லைடுகளையும் வரவழைத்து, மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவோடு அவரே அவன் வீட்டுக்கு வந்தார். மேலங்கியைக் கூடக் கழற்றவில்லை.

"மூணும் ஒரே ஆளோட சதைதான்" என்றார். "ஆனா உன்னோடது இல்ல. ஒரு பொம்பளையோடது."

அவன் கை கழுத்து வீக்கத்துக்குப் போனது.

"பிரேதத்துலேருந்து நாம எடுத்து வச்சிருந்ததோட ஒப்பிட்டுப் பாத்தேன். ஐரீன் கோவால்சிக்." அவர் குரல் தழைந்தது. "ஆனா அவங்களுக்குத்தான் உடம்பு பூரா நோயாச்சே. இதுல ஒரு துளி நோய் இல்ல. அவ்வளவு சுத்தமா இருக்கு. இது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல, வெண்டல். உனக்கு என்ன நோய்னு யாராலயும் சொல்லவும் முடியாது."

அறிக்கையை மேசைமேல் வைத்தார். மேலே அவன் பெயர், அவன் பிறந்த தேதி. கீழே ஒரே வரி: சாதாரண வீக்கம், கவலைப்பட ஒன்றுமில்லை.

வெண்டல் எச்சிலை விழுங்கினான். பாதிதான் உள்ளே போனது.