மூச்சுக்கோடு

அப்பாவின் மூச்சு அன்று மதியம் ரொம்ப ஒழுங்காக இருந்தது. மென்பொருள் பொறியாளரான மகனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கும் அப்பாவின் மார்பில் ஒட்டிய உணரியிலிருந்து ஒரு வயர் கூடத்துக்கு வரும். அங்கே இருபது வயதுக் கணினி ஒன்று அந்த மூச்சைப் பச்சைக் கோடாக வரைந்து காவல் காத்தது. கொஞ்ச நாளாகக் கோடு பின்தங்கியது. அப்பா இருமி முடித்த பிறகுதான் திரை இருமும்.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாமேங்க," என்றாள் மனைவி.

"வாங்க யார் வேணா வாங்கலாம். கிழட்டு பிராசஸரை ஓட வைக்கத்தான் ஆளு வேணும்."

அலுவலகத்தில் இதே வசனத்தை நாற்பது பேருக்குப் படம் போட்டு விளக்கிக் கைதட்டல் வாங்கியவர். எல்லா நிரல்களும் கையேந்தி நிற்கும் 'லைப்ரரி' என்ற பொது நிரல் தொகுப்புகளை, அந்தப் பழைய பிராசஸருக்கென்றே அளவெடுத்து, அதற்குப் புரியும் கட்டளைகளாக மறுபடி கம்பைல் செய்தார். பிறகு ஓட்ட வேண்டிய சோதனைகளுக்கு ஒன்பது மணி நேரம் பிடிக்கும். தன் கைவேலைக்குச் சோதனையா? தாண்டிவிட்டார்.

"பார்த்தியா, பறக்குது!"

"பறக்குறது இருக்கட்டும். மாமா மூச்சைச் சரியா காட்டுதா?"

"அவர் விடுறதை விட அழகாவே காட்டுது."

அழகாகத்தான் காட்டியது. மேடு, பள்ளம், மேடு, பள்ளம், எல்லாம் அச்சடித்த மாதிரி. கணினியின் இரைச்சல் அடங்கி, சூடான தூசியின் வாடை மட்டும் கூடத்தில் தங்கியிருக்க, உள்ளேயிருந்து வழக்கமாக வரும் கரகரப்பும் இருமலும் இல்லாமல், யாரோ துணியைச் சீராகக் கிழித்துக்கொண்டே இருப்பது போன்ற மெல்லிய சத்தம் வந்தது.

எட்டிப் பார்த்தார். திரையில் கோடு ஏறும்போது அப்பாவின் மார்பு ஏறியது. இறங்கும்போது இறங்கியது.

உணரி தரையில் கிடந்தது.

"காலைல உடம்பு துடைக்கும்போது கழட்டினேங்க," என்றாள் மனைவி. "மாட்ட மறந்துட்டேன்."

காலையிலிருந்து.

அப்பாவின் பாதத்தைத் தொட்டார். சில்லென்றிருந்தது. விறைத்திருந்தது. மார்பு மட்டும் ஏறி இறங்கியது.

கோடு வேகமெடுத்தது. மார்பும். நிமிடத்துக்கு நாற்பது. அறுபது. இமைக்காத கண்கள்.

"ஆஃப் பண்ணுங்க! சொன்னா கேளுங்க!"

சுவிட்சில் கை வைத்தார். அணைத்தால் கோடு நிற்கும். கோடு நின்றால், அப்பா?

கை அசையவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. கதவைப் பிடித்து நின்ற மனைவிக்கும் வாங்கியது.

மேடு. பள்ளம். அவள் மார்பு. மேடு. பள்ளம். தன் மார்பு.

மூச்சை அடக்கிப் பார்த்தார். அடங்கவில்லை.

கோடு ஒரு மேட்டின் உச்சிக்கு ஏறியது. அங்கேயே நின்றது.

மூன்று மார்புகள். நிறைந்து. விம்மி. இறங்காமல்.