பதினாலாம் குழியில் ஏழு

காரை விட்டு இறங்கியதுமே ரோனா டாலஸின் தொப்பியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய் முள்வேலியில் மாட்டியது. வழக்கமான வரவேற்புதான். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பாறை உச்சி மைதானத்தில் கோல்ஃப் ஆடுகிறாள். காற்று ஒரு நாளும் அவள் பக்கம் நின்றதில்லை.

கிளப் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. இலையுதிர்காலக் கோப்பையை வென்ற பெண்களின் பெயர்கள் அதில் தங்க எழுத்தில் இருக்கும். மூன்று முறை, ஒரே ஒரு அடி வித்தியாசத்தில், ரோனாவின் பெயர் அதில் ஏறாமல் போயிருக்கிறது. "என்ன ஆச்சு?" என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதுகூட இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

பதினெட்டுக் குழிகளையும் குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத்தான் கோப்பை. இந்த வருடம் காலையிலேயே ஆடி முடித்த ஒருத்தி எண்பது அடிகள் எடுத்திருந்தாள். எழுபத்தொன்பதில் முடித்தால் கோப்பை ரோனாவுக்கு. பதிமூன்று குழிகள் வரை எல்லாம் நினைத்தபடி நடந்தது. அப்போதுதான் கூட ஆடிய எல்ஸ்பெத் முயல் வளைக்குள் காலை விட்டாள்.

"போச்சுடி கால்! பாழாப்போன முயலு!"

"இன்னும் அஞ்சே குழிதான். நொண்டிக்கிட்டாவது வாயேன்."

"தவழ்ந்து வரட்டுமா? உன் கோப்பைக்கு என் கணுக்காலா கிடைச்சுது? இந்தா கார்டு. பின்னால யாராவது வருவாங்க, எழுதச் சொல்லு."

தன் அடிகளைத் தானே எழுதிக்கொள்ள முடியாது. கூட வருபவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்ஸ்பெத் நொண்டியபடியே கிளப்புக்குத் திரும்பிப் போனாள். ரோனா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் வரவில்லை. கடலிலிருந்து மூடுபனிதான் ஏறி வந்தது. புல், குழியில் நட்டிருந்த கொடி, பாறை விளிம்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விழுங்கியது. நாள் முழுக்க ஊளையிட்ட காற்று சட்டென்று அடங்கிவிட்டது.

அழுகிய கடற்பாசியின் நாற்றம் வந்தது.

"கார்டைக் குடும்மா. நான் எழுதறேன்."

பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். கனத்த கம்பளிப் பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் மட்டை எதுவும் இல்லை.

"நீங்க?"

"கினியர். ஆடும்மா, நேரமாகுது."

பதினாலாம் குழிக்குப் போக, பாறைப் பிளவைத் தாண்டிப் பந்தை அடிக்க வேண்டும். ரோனாவின் பந்து அக்கரை விளிம்பில், உயர்ந்த புல்லுக்குள் விழுந்தது. அவள் மட்டும் சுற்றி நடந்து போனாள். மட்டையைப் பந்தின் பின்னால் வைத்து அழுத்தியதில் புல் சரிந்தது. பந்து அரைச்சுற்று உருண்டு நின்றது.

ரோனா திரும்பிப் பார்த்தாள். நடுவில் பிளவு. அந்தப் பக்கம் வெறும் வெள்ளை.

பந்தைப் பழைய இடத்தில் வைக்காமல் அப்படியே அடித்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு நல்ல அடி அடித்ததில்லை.

"அஞ்சு," என்றாள், குழியிலிருந்து பந்தை எடுத்தபடி.

"ஏழு."

குரல் காதோரம் கேட்டது.

"அஞ்சுங்க! எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"பந்தை நகர்த்திட்டு, திரும்ப எடுத்து வைக்காம அடிச்சே. அதுக்கு ரெண்டு."

"அது காத்துல நகர்ந்துச்சு!"

"காத்தா?" அவள் நெற்றியில் ஒரு முடிகூட அசையவில்லை. "எங்கே?"

ரோனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம்! போயும் போயும் ஒரு அரைச்சுற்றுக்காகவா? காற்று சதி செய்யும், முயல் சதி செய்யும், கடைசியில் எங்கிருந்தோ வந்த ஒருத்தி நியாயம் பேசுவாளா? மிச்சக் குழிகளை அவள் அந்த ஆத்திரத்திலேயே ஆடினாள். அத்தனையும் அற்புதமாக அமைந்தது. பின்னால் பென்சில் கீறும் ஓசை மட்டும் விடாமல் வந்தது.

பதினெட்டாம் குழியில் கார்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். பதினாலுக்கு நேரே கட்டம் காலி. ஐந்து என்றால் மொத்தம் எழுபத்தொன்பது, ஏழு என்றால் எண்பத்தொன்று.

"நீயே எழுதிக்கோ," என்றாள் கினியர். "கீழே நான் கையெழுத்துப் போட்டாச்சு. எனக்கும் அன்னைக்கு யாரும் தடை சொல்லல. காத்துன்னுதான் நானும் சொன்னேன்."

"சொல்லி?"

"ஜெயிச்சேன்."

ரோனா ஐந்து என்று எழுதினாள்.

நிமிர்ந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை.

கிளப் செயலாளர் மர்டோ கார்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "கினியரா? பலகையில ஒரு கினியர் இருக்கா. ஐம்பத்தெட்டாம் வருஷம். கோப்பை வாங்கின மறுவாரமே பதினாலாம் குழிகிட்ட கடல்ல விழுந்து செத்தா. எவளோ உன்கிட்ட விளையாடியிருக்கா, ரோனா."

மர்டோ கார்டை மேசையில் வைத்து, கையெழுத்தின் மேல் விரலால் தட்டினார்.

"விதிப்படி இது செல்லாது. ஆனா உன் வார்த்தையை நம்பாம வேற யார் வார்த்தையை நம்பறது? பதிமூணு வரைக்கும் எல்ஸ்பெத் எழுதியிருக்கா. பதினாலுல அஞ்சுதானே?"

இப்போதுகூடச் சொல்லிவிடலாம். ஜன்னலுக்கு வெளியே பனி கலைந்து, கொடி மறுபடி படபடத்துக்கொண்டிருந்தது.

"அஞ்சுதான்," என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

ஊருக்குத் திரும்பும் சாலையில், எல்ஸ்பெத் முன்னிருக்கையில் காலை நீட்டிக்கொண்டு, மடியில் கோப்பையை வைத்திருந்தாள்.

"பதினாலுல போய் அஞ்சா! எப்படிடி?"

"காத்துலதான் நகர்ந்துச்சு."

"எது நகர்ந்துச்சு?"

ரோனா வண்டியின் வேகத்தைக் கூட்டினாள். காருக்குள் கடற்பாசி நாற்றம் அடித்தது. கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. அவள் மெல்ல மூச்சு விட்டாள்.

எல்ஸ்பெத் மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினாள். முகம் உடனே மரியாதைக்கு மாறியது.

"அடடா, நீங்க இருக்கறதை இவ சொல்லவே இல்லையே! முழுக்க நனைஞ்சிருக்கீங்களே அம்மா, உங்களை எங்கே இறக்கிவிடணும்?"