தமிழ்வாணி அனுப்பாத மெயில்

படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும், படித்தது மெலிந்துவிடும். காலையில் வக்கீல் அனுப்பியிருந்த மெயிலைத் தமிழ்வாணி இன்னும் திறக்கவில்லை. ஆனால் அது மெலிந்து கிடந்தது.

சிம்மக்கல்லில் ஒரு வெங்காய மொத்தக் கடைக்கு மேலே, ஒற்றை அறைதான் அவர்களுடைய மனித உரிமை அலுவலகம். 2007 சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை படபடவென்று நெரிய, அழுகிய வெங்காய வாடை படியேறி வர, டவுன் பஸ் ஹாரன்களுக்கு அடியில் கம்ப்யூட்டரின் விசிறி, யாரோ மூச்சை அடக்கி அடக்கி விடுவதுபோல் இரைந்துகொண்டிருந்த அந்த மதியத்தில், அவள் தனியாக இருந்தாள். வக்கீல் ஹரிஷ்குமாருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, என் மெயிலைத் தொறந்தீங்களா?”

“கோர்ட்டுல இருக்கேன்மா. ஒன் பாஸ்வேர்டு எனக்கெப்படித் தெரியும்? ஆமா, போன வாரம் நான் ஏதோ பழைய கேஸோட தீர்ப்பு நகல் அனுப்புனேன்னு சொன்னியே. நான் எதுவும் அனுப்பலையே.”

அந்த நகலை அவள் திறந்திருந்தாள். வெற்றுப் பக்கம் வந்தது. ஏதோ கோளாறு என்று மூடிவிட்டாள்.

ஒச்சம்மாளின் வாக்குமூலம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. விசாரணைக்கென்று போலீஸ் கூட்டிப்போன அவள் புருஷன் சின்னான் காவல் நிலையத்தில் எப்படிச் செத்தான் என்பதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அவள். திங்கட்கிழமை கோர்ட்டில் சொல்ல வேண்டும். அதுவரை ஆரப்பாளையத்து லாட்ஜ் ஒன்றில் வேறு பெயரில் தங்க வைத்திருந்தார்கள். எந்த லாட்ஜ், எந்த அறை என்பதும் அதே கோப்பில் இருந்தது.

தமிழ்வாணி மவுஸிலிருந்து கையை எடுத்து, வியர்வையைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

தானாக. அவசரமே இல்லாமல், சொந்த வீட்டுக்குள் நடக்கிறவனைப் போல. ஒவ்வொரு கோப்பாகத் தாண்டியது. ஒச்சம்மாளின் பெயரில் நின்றது. திறக்கவில்லை. அழித்தது.

வயரைப் பிடுங்கினாள். விசிறி இரைச்சல் அடங்கியது. லாட்ஜ் நம்பரை அழுத்தினாள். வரவேற்பு மேஜையில் இருக்கும் சுருளிதான் எடுத்தான்.

“அந்தம்மாவா? பத்து மணிக்கே உங்க ஆளுக மூணு பேரு வந்துட்டாகளே மேடம். நீங்க அனுப்புன மெயிலைத் தாள்ல எடுத்துட்டு வந்தாக. அந்தம்மா மொதல்ல கதவைத் தொறக்கவே இல்ல. வெளிய நின்னு வாசிச்சுக் காட்டுனாக. ‘எந் தங்கச்சி பேச்சுத்தான்’னு தொறந்துருச்சு.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“எறங்கி வந்ததப் பாக்கலையே. பின்னாடி ஒரு படி இருக்கு...”

ஆட்டோ சிக்னலைத் தாண்டியதோ, நெரிசலில் நின்றதோ அவளுக்குத் தெரியவில்லை. லாட்ஜின் இரண்டாம் மாடி. நீளமான நடை. பினாயில் வாடை. அதற்குள் வேறு ஒரு வாடை. கடைசி அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

“அக்கா?”

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. வாசலிலேயே அந்தத் தாள்.

‘அக்கா, பயப்படாதீக. இவுக நம்ம ஆளுக. எம்புட்டு நேரமானாலும் நான் வாரேன். தமிழ்வாணி.’

அவளுடைய சொற்கள். மூன்று நாள் முன்பு, அந்தக் கம்ப்யூட்டரின் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, ஒச்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவை. சொன்னாள். எங்கும் எழுதவே இல்லை.

மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. கட்டில்மேல் வெள்ளைத் தாள்கள் வரிசையாகக் கிடந்தன. பறக்காமலிருக்க ஒச்சம்மாளின் செருப்புகளை ஓரத்தில் வைத்திருந்தார்கள்.

எந்தத் தாளிலும் ஒரு எழுத்து இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கட்டைவிரல் ரேகை. முதல் நாலைந்தில் நீல மை.

அதற்கப்புறம் நீலம் இல்லை.