இடுப்புப் பட்டையில் ஒரு பிழை

மழைக்கு ஒதுங்கத்தான் எல்லிஸ் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தான். பாஹஸ்காவில் ஓவியக் கண்காட்சி நடப்பதே அவனுக்குத் தெரியாது. சுவர் முழுக்க ஓசேஜ் பழங்குடி ஆண்களின் படங்கள்... நீலக் கம்பளித் துணி, நீர்நாய்த் தோல், தலையில் கழுகு இறகு. வரிசையில் கடைசி ஆள், அவன்!

"யாரைக் கேட்டு என்னை வரைஞ்சீங்க?"

தூரிகை கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். கார்மேகக் கண்கள்... பயமே இல்லாத கண்கள்.

"ஜூன்ல உங்க கிரேஹார்ஸ் ஊர்ச் சடங்கு ஆட்டத்துல பார்த்தேன். போட்டோ எடுக்கக் கூடாதுன்னாங்க. கண்ணை மூடிக்கணும்னு யாரும் சொல்லலயே..."

சிரிப்பு வந்தது அவனுக்கு. படத்தின் இடுப்பைப் பார்த்ததும் போய்விட்டது.

"இது என் பட்டை இல்ல. என்னோடது எங்கம்மா விரலாலயே பின்னினது, மின்னல் கோடு. நீங்க அம்பு முனை போட்டிருக்கீங்க. அம்மா இப்ப இல்ல... எந்த ஊரு நீங்க?"

"ஹாமினி. பேரு லெனோரா."

"ஹாமினில பட்டையைக்கூடப் பார்க்கத் தெரியாதா?"

லெனோராவுக்குச் சுருக்கென்றது. கிரேஹார்ஸ்காரன் திமிர்! ஆனால் தப்பு தப்புதான். அதுவும் அவளே பட்டை பின்னுகிறவள். இருப்பதிலேயே நல்ல படம் அது. கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சரி பண்ணாம மாட்ட மாட்டேன். அந்தப் பட்டையைக் காட்டுங்க."

"முடியாது." மழையிலேயே போய்விட்டான்.

மறுநாள் கிரேஹார்ஸுக்கே போனாள். அனுமதி கேட்கும் முறைப்படி, மடித்த கம்பளிப் போர்வை ஒன்றை எல்லிஸின் அத்தை கையில் கொடுத்தாள்.

"வரையறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும், அத்தை. இப்பக் கேட்கிறேன்."

அத்தை போர்வையைத் தடவிப் பார்த்தாள். "கேட்கத் தெரிஞ்ச பொண்ணுதான். உட்காரு, கறி வச்ச ரொட்டி சாப்பிடு. டேய் எல்லிஸ், அம்மா பட்டையை எடுத்துட்டு வா!"

கொண்டுவந்தான். கொடுக்கவில்லை.

"நேத்து பாதி வழியில திரும்பி வந்தேன்... கூடம் பூட்டியிருந்துச்சு. ஜன்னல் வழியா மத்த படங்களைப் பார்த்தேன். ஒண்ணுலயும் ஒரு நூல்கூடத் தப்பில்ல. என்னோடதுல மட்டும் ஏன்?"

லெனோரா தலை குனியவில்லை. பொய் சொல்லி அந்தப் பட்டையை வாங்க மாட்டாள்.

"மத்தவங்களைத் தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்தேன். உன்னைப் பார்த்தப்போ... கண்ணு முகத்தை விட்டு இறங்கவே இல்ல. அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடுச்சு. பட்டையை நானா வரைஞ்சுட்டேன்."

அத்தை அடுப்படிக்கு எழுந்து போனாள். அங்கிருந்து சிரிப்பு கேட்டது.

எல்லிஸ் பட்டையைக் கட்டிக்கொண்டான்.

"இப்ப வரை," என்றான். "பட்டை எங்கயும் போகாது... நீ முகத்துல இருந்தே ஆரம்பி."